பழைய பிராசஸர் இன்னும் பயன்படுமா?

சவ்வாது மலையின் அடிவாரத்தே, செய்யாறு தவழும் சூழலில் அமைந்தது செங்கம் என்னும் பழம்பதி. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனான நன்னன் ஆண்ட செங்கண்மா இதுவே என்பர். இப்பகுதியிற் கிடைத்த நடுகற்களின் எழுத்துகளைத் தொகுத்துத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-ல் ஒரு நூலே வெளியிட்டது. பழையன இத்துணை மிகுந்த ஓர் ஊரில், பதின்மூன்று ஆண்டே சென்ற ஒரு கணினியைக் கிழடு என்று ஒதுக்குவதா, வைத்துக்கொள்வதா என்னும் கேள்வி நம்மிடம் வந்தது.

கேட்டவர் ஒரு வேளாளர். அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கத்தாரிடம் விலையின்றிப் பெற்ற மடிக்கணினி வீட்டில் இருந்தது. இத்திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றதென்பதையும், கருவிகளை எல்காட் நிறுவனத்தார் வாங்கி அளித்தனர் என்பதையும் நம் பழைய மாணவர் பலர் அறிவர். அவருள் சிலர் அக்கருவியிலேயே கல்லூரிப் படிப்பை முடித்தவர். இப்போது இளைய மகள் வணிகவியல் பயிலக் கல்லூரி புகுந்திருக்கிறாள். கணினியைத் திறந்தால் திரை தெளிய நாலைந்து நிமிஷம் ஆகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர், “பிராசஸர் பழசு, இனி ஒன்றுக்கும் ஆகாது” என்று சொல்லிவிட்டார். புதியது வாங்க 35,000 ரூபாய் வேண்டும். தந்தையார் மனைவியின் வளையலை அடகு வைக்க எண்ணியிருந்தார். ஆகவே இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று.

பிராசஸர் என்பதைச் ‘செயலி’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. ஆயின் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்புக்கும் அச்சொல்லே வழங்கி மயக்கந்தருதலின், பிராசஸர் என்றே எழுதுகின்றோம்.

வயது ஒன்றே ஒரு பிராசஸருக்குக் குற்றமாகாது. ஹப்பிள் என்னும் விண்தொலைநோக்கியில் 1999 டிசம்பரிற் பொருத்தப்பட்டது, 1989-ல் வெளிவந்த இன்டெல் 80486 இனத்தது. செவ்வாய்க் கோளில் 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் பிராசஸர், 1997-ல் தோன்றிய பவர்பிசி 750 வழிவந்தது. நம் இஸ்ரோவின் ஏவூர்திகளை 2009 முதல் வழிநடத்தியது விக்ரம் 1601 என்னும் பதினாறு பிட் பிராசஸர். இவற்றிற்கெல்லாம் இட்ட வேலை ஒன்றே, அது மாறுவதில்லை. வீட்டுக் கணினியின் நிலை வேறு. பிராசஸர் அன்றிருந்தபடியே இருக்க, அதன்மேல் ஏற்றும் சுமை ஆண்டுதோறும் வளர்கின்றது. ஆதலின் “பழையதா?” என்று கேட்பதை விடுத்து, “இன்றைய வேலையில் இதனைத் தடுத்து நிறுத்துவது யாது?” என்று வினவுதல் வேண்டும்.

செங்கத்துக் கணினியைப் பார்த்தோம். அதனுள் இருந்தது 2011-ல் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் குலத்துப் பென்டியம், இரண்டு கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ், அறுபத்து நான்கு பிட். நினைவகம் 2 ஜிபி. வட்டு, நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். இடையில் யாரோ விண்டோஸ் 10-ஐ ஏற்றியிருந்தனர். டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பிராசஸரின் உழைப்பு நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை. வட்டின் உழைப்போ நூறிலேயே நின்றது. குற்றவாளி யாரென்பது அப்போதே விளங்கிற்று.

இதனைச் சற்று விரித்துரைப்போம். 5,400 சுற்று வட்டு ஒருமுறை சுழல ஏறத்தாழ 11 மில்லிசெகண்டு ஆகும். வேண்டிய இடம் முனையின்கீழ் வருவதற்குச் சராசரி அதிற் பாதி. முனை அவ்விடத்தை நோக்கி நகர மேலும் பத்துப் பன்னிரண்டு. ஆகக் கூட்டினால், சிதறிக் கிடக்கும் ஒரு துணுக்கை எடுத்துவர 17 மில்லிசெகண்டு. அதற்குள் இப்பிராசஸரின் கடிகாரம் 3 கோடியே 70 லட்சம் முறை துடித்துவிடும். சமையற்காரர் கரண்டியும் கையுமாக நிற்க, ஒவ்வொரு கடுகையும் கடைத்தெருவினின்று தனித்தனியே வாங்கி வருவதை ஒக்கும் இது. அன்றியும், 2 ஜிபி நினைவகம் விண்டோஸ் 10-க்கே போதாமையால், நினைவகத்தில் இருக்கவேண்டியவற்றையும் அது வட்டில் இறக்கி இறக்கி ஏற்றுகின்றது. அடுப்படியில் இடமில்லாமல் பாத்திரங்களையும் கடைத்தெருவில் வைத்ததுபோல் ஆயிற்று. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்னும் திண்மவட்டில் ஒரு துணுக்கை எடுக்க ஒரு மில்லிசெகண்டின் சிறு பின்னமே போதும்.

இம்மலைத்தொடரிலேயே காவலூரில், வேணு பாப்பு பெயரால் விளங்கும் ஆய்வகத்தில், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குவதை நம்மிற் பலர் சுற்றுலாவிற் கண்டிருக்கலாம். ஆடி பழையதே, அதன் ஒளியை ஏற்கும் கருவிகளே காலந்தோறும் மாறின. அவ்வழியையே நாமும் மேற்கொண்டோம்.

நிற்க. வேகத்தினும் கடுமையான தடை ஒன்றுண்டு. அது மென்பொருள் இயற்றுவோர் கைவிடுதல். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் இனத்தில் 2017 முதல் வந்த எட்டாந் தலைமுறை முதலானவற்றையே பெரும்பாலும் ஏற்கும். ஆகவே இப்பென்டியத்துக்கு அக்கதவு அடைப்பட்டது. லினக்ஸ் திறந்திருக்கிறது; ஆயினும் எல்லோர்க்கும் அன்று. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, முப்பத்திரண்டு பிட் பிராசஸரில் நேரே நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. குரோம் உலாவி 2021 முதலே எஸ்எஸ்இ3 என்னும் கட்டளைத்தொகுதி இல்லாதவற்றில் இயங்குவதில்லை. இதனாலேயே, நம் பார்வைக்கு வந்த மற்றொரு கணினியை, 2003-ஆம் ஆண்டுப் பென்டியம் 4 உடையதை, மறுபேச்சின்றிக் கழிக்கச் சொன்னோம். அது முப்பத்திரண்டு பிட். மின்செலவும் பெரிது. அக்குலத்தில் 80 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழ்வன பல. 2023-ல் வந்த இன்டெல் என்100-க்குக் குறித்த அளவோ 6 வாட். வேறுபாடு 75 வாட் என்றே கொண்டு, நாளொன்றுக்கு 5 மணி, ஆண்டுக்கு 300 நாள் முழுவேலை வாங்கினால், 112 யூனிட்டுக்கு மேல் வீண். மடிக்கணினிப் பென்டியத்தின் அளவு 35 வாட்டே ஆதலின், அதன்மேல் இவ்வழக்குச் செல்லாது.

செங்கத்துக் கருவிக்கு ஒரு திண்மவட்டும், பழைய டிடிஆர்3 இனத்து 4 ஜிபி நினைவகமும் வாங்கினோம். 3,000 ரூபாய்க்குச் சற்றே மேல் ஆயிற்று. திறந்தபோது விசிறியில் அடைந்திருந்த பஞ்சினை நீக்கி, பிராசஸரின் மேலே உலர்ந்து பொடிந்த வெப்பப் பசையையும் மாற்றினோம். வெப்பம் மிகின் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைத் தளர்த்தும். அதனைக் கண்டு முதுமை என்று மயங்குவோர் பலர். பின்பு, 2029 வரை ஆதரவு கூறப்பெற்ற லினக்ஸ் மின்ட் 22-ஐ ஏற்றினோம். இப்போது அரை நிமிஷத்திற்குள் திரை தெளிகின்றது. கட்டுரை எழுதுதல், விரிதாள், மின்னஞ்சல், பாடநூற் கோப்புகள் ஆகியவற்றில் தடையில்லை.

குறைகளை மறைத்தல் தகாது. யூடியூபில் இன்று வழங்கும் விபி9, ஏவி1 ஆகிய ஒளிக்காட்சி முறைகளை அவிழ்க்கும் தனி உறுப்பு இக்குலத்தில் இல்லை. இரண்டு கோர்களும் கணக்கிட்டே அவிழ்க்க வேண்டும்; காட்சியளவைக் குறைத்து வைத்தாலன்றித் திக்கும். 2018-ல் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் பிழைகளுக்கு இன்டெல் அவ்வாண்டே இக்குலத்துக்கும் திருத்தம் அளித்தது. இனி வரும் பிழைகளுக்கும் அளிக்கும் என்று நம்பியிருத்தற்கில்லை. எல்லாவற்றினும் பெரிய குறை வணிகவியல் மாணவிக்கே உரியது. கணக்கியற் பயிற்சிக்கு வேண்டிய டாலி விண்டோஸுக்கென்றே இயற்றப்பட்டது. அப்பயிற்சியை அவள் கல்லூரிக் கணினிக்கூடத்தில்தான் செய்தாக வேண்டும். இதனைத் தந்தையாருக்கு முன்னமே சொன்னோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “மூன்று வருஷம் தாங்குமா, ஐயா?” என்றார். பிராசஸர் தாங்கும், திரையின் கீலுக்கு நாம் பொறுப்பேற்கோம் என்றோம். வளையல் வீட்டிலேயே இருக்கிறது.

பாட்டரி மட்டும் மாளவில்லை, ஆனால் மாண்டதற்குச் சமம். பத்து நிமிஷம் நிற்கும். அம்மாதிரிக்குப் பொருந்தும் நல்ல பாட்டரி கிடைக்கவில்லை. மின்சாரம் நின்ற நாட்களில் அம்மாணவி மாலைப் பேருந்தை விட்டுவிட்டு நம் நூலகத்திலேயே இருந்து எழுதிக்கொண்டு போகிறாள்.