சோலாருக்குக் கடன் வாங்கும் முன் தெரிஞ்சுக்குவோம்



கொஞ்ச நாளாக எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் ஒரே கேள்விதான் வருகிறது. "மேடம், வீட்டு மேல சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே, குழுவில் கடன் எடுத்துப் போடலாமா?" வண்டியில் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர் 45,000 ரூபாய் உள்கடன் கேட்டு எழுதியே கொடுத்துவிட்டார். பேனலுக்குக்கூட இல்லை, பேட்டரிக்கு. "பேட்டரிக்கும் கவர்மெண்ட் மானியம் வரும்" என்று வந்தவர் சொன்னாராம். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள், ராத்திரி கரண்ட் போனால் படிப்பு கெடுகிறது என்பது அந்த அக்காவின் கவலை. நியாயமான கவலைதான். தீர்மானம் எழுதும் முன் ஊக்குநர் எங்களைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அதனால்தான் இந்த மாதப் பாடம் சூரிய மின்சாரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சோலார் ஏமாற்று வேலை இல்லை. 2016ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய சோலார் நிலையங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா விலை வைத்தார்கள். 2017ல் தமிழ்நாடு அரசு ஏலம் விட்டபோது 3 ரூபாய் 47 பைசாவுக்குக் கொடுக்க கம்பெனிகள் முன்வந்தன. பேனல் விலை அந்த வேகத்தில் இறங்கியது. 2025ல் நம் மாநிலத்தின் சோலார் அளவு 10,000 மெகாவாட்டைத் தாண்டியது.

ஆனால் இதில் பெரும்பகுதி நிலத்தில் போட்டது, வீட்டுக் கூரையில் போட்டதில்லை. 2012ல் மாநில அரசு ஒரு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியிட்டது. 2019ல் இன்னொன்று வந்தது. 2023க்குள் 9,000 மெகாவாட், அதில் 100க்கு 40 பங்கு மின்சாரம் பயன்படுத்துகிறவர்களின் கூரையிலிருந்தே வரவேண்டும் என்று அதில் இருந்தது. கூரைக் கணக்கு அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கொஞ்சமாகச் செலவழிக்கிற வீட்டுக்குக் கூரையில் சோலார் போட்டு மிச்சமாக என்ன இருக்கிறது? நம் ஜனங்கள் கணக்குப் பார்த்துத்தான் சும்மா இருந்தார்கள்.

அடுத்தது பேட்டரி விஷயம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெயில் உச்சிக்கு வருவது மத்தியானம். நாம் விளக்குப் போடுவது, டிவி பார்ப்பது, மிக்சி ஓட்டுவது எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் பேனல் ஒரு யூனிட்கூடத் தராது. மாநிலம் முழுக்க இதே கதைதான். மத்தியானம் சில நாட்களில் கரண்ட் மிஞ்சிப்போய், சோலார் நிலையங்களையே நிறுத்தச் சொன்னதும் நடந்திருக்கிறது. அது வழக்காகி, 2021ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், நிலையங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மத்தியானம் மிஞ்சுகிறதை ராத்திரிக்கு எடுத்து வைப்பது எப்படி? இதுதான் இப்போது எல்லா மாநிலத்துக்கும் பெரிய கேள்வி.

நம்மிடம் ஒரு பழைய வழி உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில், 1980களின் கடைசியிலிருந்து 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. கரண்ட் மிச்சமாக இருக்கும்போது கீழே உள்ள ஆழியாறு மேலணைத் தண்ணீரை மலைமேல் இருக்கிற அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டுக் கரண்ட் எடுப்பார்கள். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரிதான். மோட்டார் ஓடும்போது நிரப்பி வைத்து, பிறகு குழாயைத் திறக்கிறோம் இல்லையா? ஏற்றுவதற்கு 4 யூனிட் செலவானால் திரும்பக் கிடைப்பது சுமார் 3 யூனிட்தான். நஷ்டம் இருந்தாலும், தேவையான நேரத்தில் கிடைக்கிறதே. நீலகிரி குந்தாவில் இதே மாதிரி 500 மெகாவாட் திட்டம் எடுத்தார்கள். 2024ல் இதற்கென்றே மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2025ல் பெரிய பேட்டரி நிலையங்களுக்கும் டெண்டர் விட்டார்கள். லித்தியம் பேட்டரி விலை 2010லிருந்து 2024க்குள் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததுதான் காரணம்.

அப்படியென்றால் நாமும் வீட்டில் பேட்டரி வைக்கலாமே என்று கேட்பீர்கள். அவசியமில்லை. வீட்டுச் சோலாருக்கு ஈ.பி.யில் வேறு மீட்டர் வைப்பார்கள். அது குழுவில் நாம் வைத்திருக்கிற பாஸ்புக் மாதிரி. பகலில் பேனல் தருகிற கரண்ட் வரவு, ராத்திரி நாம் எடுப்பது பற்று. மிச்சத்துக்குத்தான் பில். ஈ.பி. லைனே நமக்குத் தொட்டி. அதனால் பில் குறைய பேட்டரி வேண்டியதே இல்லை.

இங்கே வண்டிக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மாதிரி சோலார் போட்ட வீட்டிலும் கரண்ட் கட் ஆனால் விளக்கு அணைந்துவிடும், பட்டப்பகலில்கூட. லைனில் வேலை செய்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக, ஈ.பி. கரண்ட் நின்றதும் சோலாரும் தானே நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். கட் ஆகும்போதும் எரியவேண்டும் என்றால்தான் பேட்டரி. அந்தப் பேட்டரிக்கு மானியம் கிடையாது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இது பேனல் அளவை வைத்துத்தான். அதுவும் முதலில் முழுப் பணத்தையும் நாம் கட்டவேண்டும். மாட்டி முடித்துச் சரிபார்த்த பிறகுதான் மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். விளக்கு, ஃபேன், டிவி, சின்ன ஃபிரிட்ஜ் உள்ள வீடு இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஆகிறது என்று வைப்போம். 100 இலவசம். மிச்சம் 50 யூனிட்டுக்குக் குறைந்த ரேட், சுமார் 120 ரூபாய். மாதத்துக்கு 60 ரூபாய். ஒரு கிலோவாட் சோலார் 65,000 என்று வைத்தால் மானியம் போக 35,000. நம் குழுவில் 100க்கு 1 ரூபாய் வட்டி, மாதம் 350 ரூபாய். 60 ரூபாயை மிச்சம் பிடிக்க 350 ரூபாய் வட்டி கட்டுவோமா?

இதே ஏ.சி., கிரைண்டர், மோட்டார் ஓடி 600 யூனிட் ஆகிற வீடாக இருந்தால் கதை வேறு. பில்லே 2,500 ரூபாயைத் தாண்டும். 2 கிலோவாட் போட்டால் நம் வெயிலுக்கு நாளைக்கு 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் கிடைக்கும். மானியம் போக 70,000 கடன் என்றாலும் ஏழு வருடத்தில் வட்டியோடு அடைபட்டுவிடும். பேனல் 20, 25 வருடம் உழைக்கும். அந்த வீட்டுக்கு நாங்களே போடுங்கள் என்று சொல்வோம். ஆனால் கான்கிரீட் கூரையில் நிழல் விழாத 200 சதுர அடியாவது வேண்டும். ஈ.பி. இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். நம் வீடுகளில் பாதி இணைப்பு மாமனார் பேரில், சிலது இறந்துபோனவர் பேரில்கூட இருக்கிறது. பெயர் மாற்றம் செய்யாமல் யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், வீட்டுப் பத்திரம் உங்கள் பேரில் இருந்தால் இணைப்பையும் உங்கள் பேருக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

தையல் யூனிட், மசாலா மில் வைத்திருக்கிற குழுக்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். வேலை பகலில் ஓடுகிறது, கடை இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை. அதனால் வீட்டைவிடச் சோலார் அங்கேதான் பொருந்தும். வீட்டு மானியம் மட்டும் அங்கே கிடைக்காது. உங்கள் ஈ.பி. அலுவலகத்தில் மீட்டர் விதியைக் கேட்டுவிட்டு விலை வாங்குங்கள்.

கடன் கேட்ட அக்கா ஈ.பி. அட்டையைக் கூட்டத்துக்கே எடுத்து வந்தார். ஒரு வருடத்தில் ஒருமுறைகூட 180 யூனிட் தாண்டவில்லை. அவரே மனுவை வாங்கிக் கிழித்துவிட்டார். 900 ரூபாய்க்கு சார்ஜ் ஏற்றுகிற விளக்கு இரண்டு வாங்கினார். மூன்று மணி நேரம் நிற்கிறதாம். "பொண்ணு படிப்புக்கு இது போதும் மேடம், பேட்டரிக்காரர் வந்தா நீங்களே பேசிக்குங்க" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் உங்கள் ஈ.பி. அட்டையைக் கொண்டு வாருங்கள். அட்டையில் எழுதாத வீடுகள் போனில் வந்த பில் மெசேஜைக் காட்டினால் போதும். கடைசி ஆறு பில்லையும் கூட்டி ஆறால் வகுத்து, பேருக்கு நேராகப் பதிவேட்டில் எழுதி வைப்போம்.