உணவு மட்டும் போதுமா?



பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைக்கு வயிறார உணவும் படுக்க இடமும் கொடுத்துவிட்டால் அது தானாக வளர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது எவ்வளவு தூரம் உண்மை? ருமேனியாவிலிருந்து அயல்நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாற்றைக் கொண்டு இதனை நாம் ஆராய்வோம்.

பின்னணி: 1966-ல் அந்நாட்டு ஆட்சியாளர் சௌசெஸ்கு, மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கத்துடன் கருக்கலைப்பைத் தடை செய்தார். வறுமையில் வாடிய பெற்றோர் பலர், வளர்க்க இயலாத பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டனர். 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது இவ்வில்லங்களின் நிலையை உலகம் கண்டது. கம்பித் தொட்டில்களில் நாள் முழுவதும் கிடந்த குழந்தைகளைத் தூக்கவோ, அவர்களோடு பேசவோ போதிய ஆட்கள் இல்லை. அதன்பின் பல நாட்டுக் குடும்பங்கள் அவர்களைத் தத்தெடுத்தன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

1. எடை மீளும். பிரிட்டனுக்குச் சென்ற 165 ருமேனியப் பிள்ளைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதுக்குள் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், வந்தபோது வயதுக்குரிய எடையில் மிகவும் பின்தங்கியிருந்தனர். ஆனால் நான்கு வயதுக்குள் பெரும்பாலோர் எடையிலும் உயரத்திலும் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தனர்.

2. மூளை அவ்வளவு எளிதில் மீளாது. தலைச் சுற்றளவு எடையைப்போல் எட்டிப் பிடிக்கவில்லை. இல்லத்தில் ஓரளவு நன்றாக உண்டு வளர்ந்தவர்களுக்கும் தலை சிறுத்தே இருந்தது. ஆகவே, குறைபட்டது உணவு மட்டுமல்ல என்று அறிகிறோம். இவர்களில் சிலர் இளைஞரானபின் எடுக்கப்பட்ட மூளைப் படங்களின் முடிவு 2020-ல் வெளிவந்தது. பிரிட்டனிலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்களைவிட இவர்களது மூளையின் மொத்த அளவு சராசரியாக 8.6 சதவீதம் குறைந்திருந்தது. இல்லத்தில் கழித்த மாதங்கள் கூடக்கூட இக்குறைவும் கூடியது.

3. ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும். ஆறு மாதத்துக்குள் குடும்பத்தை அடைந்தவர்களில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குப் பிந்தியவர்களில் பலருக்குக் கவனக்குறைவும் பிறரோடு பழகுவதில் சிரமமும் நீடித்தன. எனினும் அவர்களிலும் குறையின்றி வளர்ந்தவர்கள் உண்டு. ஆகவே நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை.

தத்தெடுப்போருக்கு: குழந்தை வந்தவுடன் எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து குறித்து வைத்து, தொடர்ந்து அளந்துவர வேண்டும். கண், காது, காசநோய், மஞ்சள் காமாலை பி வகை, எச்.ஐ.வி., குடற்புழு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் அவசியம். முதலில் தென்படாத தொற்று பின்னர் தெரியக்கூடும். ஆதலால் சில மாதங்களுக்குப்பின் மருத்துவர் சொல்லும் பரிசோதனைகளை மீண்டும் செய்ய வேண்டும்.

சிந்தனைக்கு: குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பார்க்கச் செல்லும்போது, சமையலறையைப் பார்த்துத் திருப்தியடைகிறோமா? அல்லது, "இந்தக் குழந்தை அழுதால் தூக்குகிறவர் யார்? நாளையும் அவரே வருவாரா? எப்போது இது ஒரு குடும்பத்துக்குப் போகும்?" என்றும் கேட்கிறோமா? பெரியவர்கள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு தாமதிக்கும் ஆறு மாதம், அக்குழந்தைக்கு அதன் ஆயுளில் பாதியாக இருக்கலாம்.