பட்டரின் புள்ளிகளுக்கு முன் அளவுகோலைப் பாருங்கள்

கேள்வி: ‘வேர்ல்ட் கோல்ஃப் டூர்’ இணைய விளையாட்டில் நிலை உயர உயரப் புதுப்புது பட்டர்கள் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டைகள்) கடையில் திறக்கின்றன. நான் தொடக்கத்தில் கிடைத்த பட்டரையே இன்னும் வைத்திருக்கிறேன். எட்டு, பத்து அடியிலிருந்து உருட்டும் பந்துகள் குழியை ஒட்டிப் போய்விடுகின்றன. சேர்த்து வைத்த கிரெடிட்டில், துல்லியப் புள்ளி அதிகமுள்ள பிரபல பிராண்டு பட்டரை வாங்கினால் சரியாகிவிடுமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் பந்துகள் தவறும் தூரத்திலேயே பாதி பதில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் அடித்த லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்தவர். அவர் கணக்குப்படி, மூன்று அடியிலிருந்து அவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதே இல்லை. எட்டு அடிக்கு வந்தால் பாதிக்குப் பாதிதான் குழியில் விழுகிறது. இருபது அடியிலிருந்து ஏறத்தாழ ஏழில் ஒன்று விழுந்தாலே பெரிது. ஆக, மிகக் கிட்டத்தில் யாரும் போட்டுவிடுவார்கள், மிகத் தொலைவில் யாருக்கும் கடினம். திறமையும் கருவியும் வித்தியாசம் காட்டுவது நான்கு முதல் பதினைந்து அடி வரையிலான இடைவெளியில்தான். திரையில் ஆடினாலும் இதே நிலைதான். எனவே அந்த இடைவெளியில் எந்த பட்டர் உதவுகிறது என்பதை வைத்தே தேர்வு அமைய வேண்டும்.

அங்கே முதலில் உதவுவது, திரையில் வலுவைக் காட்டும் மீட்டரின் அளவுகோல். இந்த விளையாட்டில் முதலில் மீட்டரில் வலுவைக் குறிக்கிறீர்கள். பிறகு, ஓடிவரும் கோடு நடுக்கோட்டைத் தொடும் கணத்தில் தட்டுகிறீர்கள். மீட்டரின் முழு நீளம் எத்தனை அடியைக் குறிக்கிறது என்பதுதான் அளவுகோல். எந்தெந்த அளவுகோல்கள் கிடைக்கும் என்பது பட்டருக்குப் பட்டர் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 அடி அளவுகோலில் எட்டு அடி என்பது மீட்டரில் வெறும் 16 விழுக்காடு. குறியில் ஒரு விழுக்காடு பிசகினால் ஆறு அங்குலம் போய்விடும், மூன்று விழுக்காடு என்றால் ஒன்றரை அடி. அதே எட்டு அடியை 10 அடி அளவுகோலில் குறித்தால், ஒரு விழுக்காட்டுப் பிசகுக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலே இழப்பு. கை அதே கைதான், பிழை ஐந்தில் ஒன்றாகிறது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காயை நிறுத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் கிட்டத்துப் பந்தைப் பெரிய அளவுகோலில் உருட்டுவதால் கிடைக்கும்.

‘அரை அடி முன்பின் போனால் என்ன, குழியில் விழத்தானே போகிறது’ என்று தோன்றலாம். சமதரையில், நேர்கோட்டில் அது ஓரளவு உண்மை. பட்டிங் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ், குழி இல்லாதிருந்தால் பந்து சுமார் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே சிறந்தது என்றார். அப்படியானால் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் பெரும்பாலும் சாய்வாகவே இருக்கும். பந்து மெதுவாகப் போனால் சாய்வு அதை அதிகம் வளைக்கும், வேகமாகப் போனால் குறைவாக வளைக்கும். குறி வைத்த கோடு சரியா, தவறா என்பதே வலுவைப் பொறுத்தது. 4.25 அங்குல அகலக் குழியின் ஓரத்தை உரசிவிட்டுப் பந்து வெளியே போவதற்கு, திசையைக் காட்டிலும் வலுவே காரணமாக இருப்பதுண்டு.

அப்படியானால் துல்லியப் புள்ளிக்கு மதிப்பில்லையா? நிச்சயம் உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. நடுக்கோட்டில் சரியாகத் தட்டினால் ‘டிங்’ என்று ஓசை கேட்கும். தட்டல் கோட்டுக்கு முன்போ பின்போ போனால் பந்து எவ்வளவு விலகும் என்பதில்தான் துல்லியம் பேசுகிறது. டிங் கேட்டும் பந்து குழிக்கு முன்பே நின்றால், அல்லது குழியைத் தாண்டி ஓடினால், பிழை வலுக்கணிப்பில் இருக்கிறது. அதை எந்தத் துல்லியப் புள்ளியும் திருத்தாது. மீட்டர் மெதுவாக ஓடுவதும் இப்படித்தான்: தட்டுவதற்கு அவகாசம் தரும், எவ்வளவு வலு வேண்டும் என்று சொல்லித் தராது.

பிராண்டுப் பெயரைப் பொறுத்தவரை, உண்மையான மைதானத்தில் பட்டரின் வடிவத்துக்கு இயற்பியல் காரணம் உண்டு. கார்ஸ்டன் சோல்ஹைம் 1966-இல் கொண்டுவந்த பிங் ஆன்சர், எடையைத் தலையின் இரு முனைகளுக்கும் தள்ளியது. பந்து நடுவில் படாவிட்டாலும் தலை திரும்புவது குறைந்தது. 1986 மாஸ்டர்ஸில் 46 வயது ஜாக் நிக்லஸ் மிகப் பெரிய தலை கொண்ட பட்டருடன் வென்றதைக் காட்டி, ‘புதிய பட்டர் ஆட்டத்தையே மாற்றும்’ என்று வாதிடுவோர் உண்டு. மைதானத்துக்கு அந்த வாதம் பொருந்தும். திரையில் தலையின் அகலத்துக்கு எடை இல்லை. அங்கே வேலை செய்வது அந்த பட்டருக்குக் கொடுக்கப்பட்ட எண்கள் மட்டுமே. ஆகவே படத்தையும் பெயரையும் விட்டுவிட்டு எண்களை ஒப்பிடுங்கள்.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, நீண்ட தூரம். அறுபது அடியிலிருந்து உருட்டப் பெரிய அளவுகோல் வேண்டாமா? வேண்டும். ஆனால் பிராடியின் கணக்கில் டூர் ஆட்டக்காரர்களுக்கே 33 அடியிலிருந்து சராசரியாக இரண்டு உருட்டல்கள் தேவைப்படுகின்றன. அவ்வளவு தொலைவில் நோக்கம் குழி அல்ல, குழிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். இரண்டடி பிசகினாலும் கெடுதல் இல்லை. இன்னொன்று, கிரீனின் வேகம். வேகமான கிரீனில் சிறு பிசகும் பெரிதாகும் என்பதால் விலை உயர்ந்த பட்டர் தேவை என்பார்கள். முன்பாதி சரி. கிரீனின் வேகத்தைக் காட்டும் ஸ்டிம்ப் அளவு 10 உள்ள இடத்தில் ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஓர் அடி கூடுதல் வலு வேண்டும் என்று இயற்பியல் சொல்கிறது. 13 என்றால் அது ஏறத்தாழ ஒன்றரை அடியை நெருங்கும். ஆனால் இந்தக் காரணம் நுண்ணிய அளவுகோலின் தேவையைத்தான் வலுப்படுத்துகிறது, விலையின் தேவையை அல்ல.

எனவே வாங்கும் முன் ஒரு கணக்கு எடுங்கள். அடுத்த சில சுற்றுகளில் பதினைந்து அடிக்குள் தவறும் ஒவ்வொரு பந்துக்கும், டிங் கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். டிங் கேட்டும் தவறியவை அதிகம் என்றால், உங்கள் இப்போதைய பட்டரில் மிகச் சிறிய அளவுகோல் எது என்று பாருங்கள். அதைவிடச் சிறியது தரும் பட்டர், விலை குறைவானாலும், உங்களுக்கு ஏற்றது. போதுமான சிறிய அளவுகோல் ஏற்கெனவே இருந்தால், கிரெடிட்டைச் செலவழிக்காமல் சாய்வைப் படிப்பதில் நேரம் செலவிடுங்கள். டிங் கேட்காமல் தவறியவை அதிகம் என்றால் மட்டுமே, துல்லியமும் மெதுவான மீட்டரும் தரும் பட்டருக்குக் காசு கொடுப்பது நியாயம். எதை வாங்கினாலும் அடிக்கடி மாற்றாதீர்கள். ஒவ்வொரு பட்டரின் அளவுகோலும் உங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.