சித்தி வீட்டு 5000 ரூபாய் (ஒரு வட்டிக் கணக்கு)

தோழிகளே, ஏழாம் வகுப்புல படிச்ச தனிவட்டி ஞாபகம் இருக்கா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை! ரெயின்போ நகர்ல எங்க சித்தி வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. மெத்தை, மிக்ஸி, தம்பியோட புத்தகம் எல்லாம் நனைஞ்சு போச்சு. பிறகு புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. (விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்கு 2000 தான்!)

பணம் வந்த அன்னைக்கே வீட்டில் சண்டை. சித்தப்பாவுக்கு மெத்தை வேணும், தம்பிக்கு சைக்கிள். பாட்டி, "போஸ்ட் ஆபீஸ்ல போடு" என்றார். சித்தி மட்டும் பேசவே இல்லை. அவங்க தலையில் 4000 ரூபாய் கடன், நூத்துக்கு மூணு வட்டி.

நான் நோட்டில் போட்ட கணக்கு இது:

கடன் வட்டி மாதம் 120 ரூபாய். வருஷத்துக்கு 1440, அதாவது 36 சதவீதம்!
அஞ்சலக சேமிப்புக் கணக்கில் வட்டி 4 சதவீதம். 4000-க்கு வருஷம் 160 ரூபாய்.

160 வாங்கிக்கிட்டு 1440 கட்டுறதா? பாட்டியே சிரிச்சிட்டாங்க.

மறுநாளே கடன் அடைஞ்சது. மீதி 1000-ல் தம்பிக்கு நோட்டு, பை, ரெண்டு கோரைப்பாய். தம்பி ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. சித்தி அம்மியில்தான் அரைச்சாங்க, ஆனா வட்டிக்குப் போன 120 ரூபாயை மாசாமாசம் டப்பாவில் போட்டாங்க. மிக்ஸி ரிப்பேருக்கு 700 ரூபாய். எந்த மாசம் மிக்ஸி ஓடியிருக்கும்? நீங்களே போட்டுப் பாருங்க.