டூ-வீல் டிரைவ் பிக்கப்புக்கு எந்த லாக்கர்?

சேற்றில் சிக்கிய பிக்கப்பின் பின்சக்கரங்களைக் கவனியுங்கள். ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று அசையவே அசையாது. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். இரு சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுழலவைப்பதுதான் லாக்கர்.

லாக்கருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் டயரைப் பாருங்கள். பட்டன் தேய்ந்த டயருக்கு எந்த லாக்கரும் உதவாது. பாடி காலியாக இருந்தால் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சில மணல் மூட்டைகளை நகராமல் கட்டிவைத்து ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

அப்படியும் சிக்குகிறது என்றால், எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது ஆட்டோமேட்டிக் லாக்கர். அதிலும் 'லஞ்ச்பாக்ஸ்' வகை விலை குறைவு. பழைய டிஃப்ரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சின்ன கியர்களை மட்டும் எடுத்துவிட்டு அதைப் பொருத்தலாம், பெரும்பாலும் கிரவுன்-பினியனைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நேரே இழுக்கும்போது இரு சக்கரமும் பூட்டியே இருக்கும். மழையில், காலி பாடியோடு, வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாக வழுக்கி, வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். ஃபோர்-வீல் டிரைவ் என்றால் முன்சக்கரங்களும் இழுத்துக் கைகொடுக்கலாம். இங்கே அதுவும் இல்லை. தினமும் தார்ச்சாலையில் ஓடும் பிக்கப்புக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

டெட்ராய்ட் ட்ரூட்ராக் போன்ற கியர் வகை லிமிடெட் ஸ்லிப் (முழுதாகப் பூட்டாமல் வழுக்கலை மட்டுப்படுத்துவது) சாலைக்கு மிக நல்லது, சத்தமில்லை, உதறலில்லை. ஈரச்சரிவு, சரளை, மணல் போன்ற இடங்களில், இரு சக்கரத்துக்கும் கொஞ்சமாவது பிடிப்பு இருக்கும்வரை நன்றாக இழுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால் திணறும்; அப்போது பிரேக்கை லேசாக மிதித்தால் ஓரளவு உதவும். லிமிடெட் ஸ்லிப்பில் கிளட்ச் வகையும் உண்டு. அதன் தட்டுகள் தேயும், தனி எண்ணெய்ச் சேர்ப்பும் கேட்கும்.

ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கர் நடுவழி. இரு சக்கர வேகத்துக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பூட்டாது. 2021-இல் வந்த மஹிந்திரா பொலேரோ நியோ, பிக்கப் இல்லை என்றாலும், பின்சக்கர இழுவைதான். அதன் என்10 (ஓ) மாடலில் கம்பெனியே இந்த வகையைப் பொருத்தியது.

அடிக்கடி பள்ளம், வரப்பு, ஓடை என்று சக்கரம் தொங்கும் இடத்துக்குப் போகிறவர்கள் சுவிட்ச் போட்டுப் பூட்டும் வகையை வாங்குங்கள். ஏஆர்பி காற்றில் இயங்குவது, கம்ப்ரஸரும் குழாயும் வேண்டும். ஈட்டன் இ-லாக்கருக்கு மின்கம்பி போதும். விலை அதிகம்தான். ஆனால் சுவிட்சை அணைத்தால் சாலையில் பழைய வண்டியாகவே ஓடும். சேற்றில் இறங்கும் முன்பே, மெதுவாக உருளும்போது பூட்டுங்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டினால் பற்களும் ஆக்ஸிலும் அடிவாங்கும்.

வாங்கும் முன் ஆக்ஸில் மாடல், ஸ்ப்லைன் எண்ணிக்கை, கிரவுன்-பினியன் விகிதம் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். முழுக் கூட்டையும் மாற்றும் வேலை என்றால் டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பல் இடைவெளி) பார்க்கிற, ஷிம் வைத்துச் சரிசெய்து பல் பதிவையும் பார்க்கிற மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் உதிரும்.

சுவிட்ச் வகையானால், வண்டியை எடுக்கும் முன் அங்கேயே சோதியுங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, எஞ்சின் ஓடாமல் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பூட்டாதபோது மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். பூட்டிவிட்டால் இரண்டுமே சுழலாது.