தலைமைக்கு அணி விழுமியமே

முன்னுரை

தலைமை என்பது பதவியா, பண்பா என்னும் வினா பழமையானது. திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் ஆள்வோனுக்குரிய இயல்புகளாகத் துணிவு, கொடை, அறிவு, முயற்சி ஆகியவற்றை எண்ணிக் காட்டுகிறார். அவ்வெண்ணிக்கையில் வெற்றி இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. இசுலாமிய மரபோ தலைமையை அமானிதம் என்கிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. இவ்விரு நெறியும் பொருந்திய ஒரு வாழ்வைக் கொண்டு, விழுமியம் தலைமைக்கு அழகு மட்டும்தானா, ஆற்றலுமா என்பதை ஈண்டு ஆராய்வோம். அவ்வாழ்வு கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இசுமாயீல் சாகிப் அவர்களுடையது.

இழப்பில் தொடங்கிய பொதுவாழ்வு

1896 சூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பட்டத் தேர்வையும் துறந்து வெளியேறினார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டு உயர்ந்தார். பெறுவதற்காக அன்றி, கொடுத்தே பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

தோல்வியிலும் தளராமை

நாட்டுப் பிரிவினைக்குப் பின் முசுலிம்கள் அச்சத்திலும் ஐயத்திலும் ஆழ்ந்திருந்தனர். அந்நாளில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முசுலிம் லீக்கைத் தோற்றுவித்தார். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று, எச்சமூகத்தவரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்படலாகாது எனத் திருத்தம் முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தின்போது, தொன்மையே அளவுகோலாயின் தமிழே தகுதியுடையது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அதுவும் பெரும்பான்மையை வெல்லவில்லை.

ஆயினும் அவர் அவையை வெறுத்து ஒதுங்கினாரல்லர். தம் திருத்தத்தை ஏலாத அதே அரசியலமைப்பின்வழி 1952-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். கொள்கையில் உறுதியும் முறையில் பணிவும் ஒருங்கே இருத்தல் அரிது. அவ்வருமை அவரிடம் இருந்தது.

சொல்லும் செயலும்

1962-இல் சீனப் போர் மூண்டபோது, தம் மகனையே படைப்பணிக்கு அளிக்க முன்வந்தார். பிறர் பிள்ளைகளைத் தியாகத்திற்கு அழைப்பது எளிது. தம் இல்லத்திலிருந்தே தொடங்குவோர் சிலரே.

நம்பிக்கை என்னும் பயன்

விழுமியத்தால் விளைந்த பயன் யாது? நம்பிக்கை. தமிழரான அவரை மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பினர். 1967-இல் தமிழகத்தில் ஆட்சியை மாற்றிய கூட்டணியில் அவருடைய இயக்கமும் அங்கம் வகித்தது. இன்று சொன்னதை நாளையும் சொல்வார் என்று தெரிந்தமையால் தோழர் பின்தொடர்ந்தனர், மாற்றாரும் மதித்தனர். கொள்கையற்ற தலைவனின் அடுத்த அடி எவர்க்கும் தெரியாது. ஆகவே அவன் பின்னே நெடுந்தூரம் செல்வார் இலர். எனவே விழுமியம் தலைமையின் அணி மட்டுமன்று, அதன் வலிமையும் ஆகும்.

முடிவுரை

1972 ஏப்ரல் 5-இல் மறைந்த அப்பெருமகனார் திருவல்லிக்கேணி வாலாசாப் பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கிறார். நம் பொன்னேரி வட்டாரத்து மாணவச் செல்வங்களுள் பலர் நாளை கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடங்களில் மேற்பார்வையாளராவர். சிலர் தொழிற்சங்கத்தையும், ஊராட்சியையும், சமாஅத்தையும் வழிநடத்துவர். பத்துப் பேருக்குப் பொறுப்பேற்பவரும் தலைவரே. கணக்கில் நேர்மை, கருத்து வேறுபாட்டில் கண்ணியம், இடரில் முன்னிற்றல் ஆகிய மூன்றும் அங்கும் வேண்டப்படும். மூத்தோர் அவற்றை வாழ்ந்து காட்டுவாராக. இளையோர் கண்டு கற்பாராக. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் குறையாது திருப்பித் தருவதே தலைமையின் நிறைவு எனத் துணிவோம்.