பிட் நோட்டீஸ் ஏன் பேசவில்லை?

கேள்வி: அம்பத்தூரில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நாளிதழுக்குள் வைத்து நோட்டீஸ் விநியோகித்தும் அழைப்பே வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அஞ்சல் துறையில் 'டைரக்ட் போஸ்ட்' என்றொரு சேவை உண்டு. முகவரி எழுத வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதியில் தபால்காரரே வீடு வீடாகச் சேர்ப்பார். அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056 என்று பின்கோடு வாரியாகத் திட்டமிடலாம். உங்கள் மெக்கானிக் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தெருக்களில் தொடங்குங்கள்.

அடுத்து, நோட்டீஸில் ஒரே செய்தி போதும். பத்து சேவைகளை அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. கடைப் பெயரைவிட வாசகரின் கவலை பெரிய எழுத்தில் இருக்கட்டும்: 'போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? டி.டி.எஸ். பரிசோதனை இலவசம்.' கீழே சலுகையின் கடைசித் தேதி, சர்வீஸ் கட்டணம், அருகிலுள்ள பஸ் ஸ்டாப், பெரிதாக ஒரே ஒரு போன் நம்பர். முதியவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். ஏ4 தாளை நான்காக வெட்டிய அளவில், கொஞ்சம் கெட்டியான அட்டையில் அச்சிட்டால் பிரிட்ஜ் மேல் ஒட்டிவைப்பார்கள்.

மொத்தமாக அச்சடிக்காதீர்கள். இரண்டு வாசகங்களில் சிறிது சிறிதாக அடித்து, ஒன்றில் 'அ', மற்றதில் 'ஆ' என்று குறியிடுங்கள். அழைப்பவரிடம் அந்த எழுத்தைக் கேட்டுக் குறித்துவையுங்கள். எது அதிக அழைப்பைக் கொண்டுவருகிறதோ, அதற்கே அடுத்த செலவு. சொன்ன சலுகையைச் சொன்னபடி கொடுங்கள். அந்த நம்பிக்கைதான் மறுமுறையும் உங்களை அழைக்க வைக்கும்.